துளையும் அடைப்பும்: கொச்சியின் தையற்படகு முதல் பழைய கார் எஞ்சின் வரை

பழைய கார் எஞ்சின் ஒன்றில், ஒரு போல்ட்டின் தலையடியில் கூலன்ட் ஒரு துளியாகக் கசிந்து நிற்கிறது. அதைக் கண்டவர் முதலில் செய்வது, ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டை இன்னும் கால் சுற்று இறுக்குவது. கசிவு நிற்பதில்லை. மறுநாள் மேலும் இறுக்குகிறார். போல்ட் நீள்கிறது, சில வேளைகளில் வார்ப்பிரும்பின் மரையே பிய்ந்து வருகிறது. கசிவு மட்டும் தொடர்கிறது. இறுக்குதல் ஒரு வேலை, அடைத்தல் வேறொரு வேலை என்பதை மறந்ததனால் வந்த விளைவு இது.

இந்த வேறுபாட்டை இந்தியப் பெருங்கடலின் கரைகளில் கயிற்றால் பலகை தைத்துப் படகு கட்டியவர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். கொச்சியும் அதன் வணிகத் துறையான மட்டாஞ்சேரியும் அந்த அறிவு புழங்கிய இடங்களுள் முக்கியமானவை. ஆயினும் கப்பற்கலை வரலாற்றை எழுதிய பலர், தையற்படகை இரும்பாணிக் கப்பலுக்கு முந்திய ஒரு தாழ்ந்த படியாகவே வரிசைப்படுத்தினர். துளையை எவ்வாறு இட்டனர் என்று கேட்ட அளவுக்கு, அதை எவ்வாறு அடைத்தனர் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்டால் வரிசை குலைகிறது.

1. துளை என்னும் சிக்கல்

இரு பலகைகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்க்க வேண்டுமெனில் அவற்றைத் துளைக்க வேண்டும். ஆணியடித்தாலும் கயிற்றால் தைத்தாலும் துளை துளைதான். நீரின் மேல் மிதக்க வேண்டிய ஒரு பொருளில், அதை ஒன்றாகப் பிடித்து வைக்கும் ஒவ்வொரு துளையும் நீர் உட்புகும் ஒரு வழியாகவும் ஆகிறது. இணைப்பு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு துளைகள். துளைகள் எவ்வளவோ அவ்வளவு கசிவு வாய்ப்புகள்.

கேரளத்தின் கெட்டுவள்ளம் இச்சிக்கலைத் தீர்த்த முறை எளிய பொருள்களால் ஆனது. அதன் தர்க்கம் எளிதன்று. பலகை அயினி மரம். மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் இம்மரம் நீரில் எளிதில் உளுத்துப்போகாது. பலகைகளின் விளிம்பை ஒட்டி இணை இணையாகத் துளையிடுவர். இரு பலகைகள் கூடும் பொருத்தின்மேல் தென்னை நாரைத் திரட்டி ஒரு நீண்ட திரியாகப் பரப்புவர். துளைகளின் வழியே கயிற்றை ஓட்டி, அத்திரியை அழுத்தும்படி குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து இறுக்குவர். பின்னர் துளைகளில் நாரைத் திணித்து அடைப்பர். இறுதியாக, முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து காய்ச்சி எடுத்த கரிய நெய்ப்பூச்சு.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பணி. கயிறு இறுக்குகிறது, அது நீரைத் தடுப்பதில்லை. நார்த்திரி பொருத்தை அடைக்கிறது. அது பலகைகளைப் பிடித்து வைப்பதில்லை. துளையை அடைப்பது திணித்த நார். எஞ்சியிருக்கும் நுண்ணிடைவெளியை நெய்ப்பூச்சு மூடுகிறது. படகு நீரில் இறங்கியதும் மரமும் நாரும் நீரை உறிஞ்சிச் சற்றே வீங்குகின்றன. தச்சன் விட்டுவைத்த மிகச் சிறு இடைவெளிகள் அதனால் அடைபடுகின்றன. தடுக்கப்பட வேண்டிய நீரே தடுப்பின் கடைசிப் பகுதியாகிறது.

தென்னை நார் இப்பணிக்கு ஏற்றது. பல மாதங்கள் உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. உவர்நீர் அதை எளிதில் அழிப்பதில்லை. ஆனால் கயிறு தேயும், தளரும். ஆகவே பல படகுகளைக் குறித்த காலத்தில் கரையேற்றி, தையலைப் பிரித்து, பலகைகளைச் செம்மைப்படுத்தி, புதுக் கயிற்றால் மீண்டும் தைத்தனர். பலகை பழையது, தையல் புதியது. பழுதுபார்த்தல் இங்கே விபத்துக்குப் பின் வரும் செயல் அன்று; கட்டுமானத்தோடு சேர்ந்தே திட்டமிடப்பட்டது.

2. கண்டவர் எழுதியவை

இத்தையற்கலங்களைக் கண்ட அயலவர் பலர் எழுதி வைத்துள்ளனர். ஒவ்வொருவரும் ஒரு காரணம் தேடினர்.

6-ஆம் நூற்றாண்டில் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோக்கோபியஸ், இந்தியக் கடலின் கலங்கள் ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்படுவதைக் குறிப்பிடுகிறார். கடலிலுள்ள காந்தப் பாறைகள் இரும்பை இழுத்துவிடும் என்று அக்காலத்தில் வழங்கிய கதையை அவர் ஏற்கவில்லை. இரும்பு கிடைக்காமையே காரணம் என்றார். அக்கதை மறையவில்லை. தாரா நகரத்துப் போசனின் பெயரால் வழங்கும் வடமொழி நூலான யுக்திகல்பதருவும், காந்தப் பாறைகளைக் காரணம் காட்டிக் கடற்கலத்தில் இரும்பைத் தவிர்க்கச் சொல்கிறது.

1183-இல் செங்கடல் துறையான ஐதாபில் தங்கிய இப்னு ஜுபைர் பாறைக் கதைகளை விட்டுவிட்டு வேலையையே பார்த்தார். தென்னை நாரை அடித்து நூலாக்கி, முறுக்கிக் கயிறாக்கித் தைப்பதையும், பிறகு கலத்துக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவதையும், அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்பதையும் பதிவு செய்தார். பூச்சின் நோக்கம் மரத்தை இளக்கமாக வைத்திருப்பது. பவளப்பாறைகள் நிறைந்த கடலில் விறைத்த கலம் உடையும், இளகிய கலம் பிழைக்கும். 14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதாவும் இதையே கூறுகிறார்: ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் சிதறும், கயிற்றால் தைத்தது சற்று வளைந்து கொடுக்கும்.

எல்லாரும் வியந்து பாராட்டவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் தங்கியிருந்த மோந்தேகோர்வினோவின் ஜான் என்னும் துறவி, இக்கலங்களில் இரும்பும் இல்லை, அடைப்பும் இல்லை, துணியைப்போல் தைத்திருக்கிறார்கள் என்று குறைபட்டார். கயிறு அறுந்தால் அழிவுதான் என்றார். கடலுக்குப் போக வேண்டுமெனில் ஆண்டுக்கொருமுறை செப்பனிட வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் மார்க்கோ போலோவும் ஹோர்முஸ் துறையில் கண்ட தையற்கலங்களை இகழ்ந்தார். அங்குள்ள மரம் கெட்டியானது, ஆணியடித்தால் பிளந்துவிடுகிறது என்று காரணம் கூறினார்.

15-ஆம் நூற்றாண்டில் செங் ஹேயின் கடற்படையுடன் வந்து கொச்சியையும் கோழிக்கோட்டையும் கண்டெழுதிய மா ஹுவான், மாலத்தீவின் கலங்களைப் பற்றிக் கூறுவது மற்றவர்களின் பதிவைவிடச் செறிவானது. ஆணி இல்லை, துளையிட்டுக் கயிற்றால் கட்டுகிறார்கள், மரச் சிம்புகளைச் செருகுகிறார்கள், பிறகு பொருத்துகளில் பிசின் பூசுகிறார்கள், நீர் புகுவதில்லை. துளை, கயிறு, ஆப்பு, பிசின் என நான்கு படிகளையும் அவர் பிரித்துக் காட்டிவிட்டார். மோந்தேகோர்வினோ அடைப்பே இல்லை என்றதையும் மா ஹுவான் நீர் புகுவதில்லை என்றதையும் அருகருகே வைத்துப் படித்தால், தையற்கலம் என்பது ஒரே தரத்தினதாக இல்லை என்பது விளங்கும். நன்றாக அடைத்தவையும் இருந்தன, அரைகுறையாக அடைத்தவையும் இருந்தன. வேறுபாடு தையலில் இல்லை, அடைப்பில் இருந்தது.

3. ஆணியை அறியாதவர்களா?

தையலிலிருந்து ஆணிக்கு என்னும் படிவரிசையை நம்புவோர், மலபார்க் கரைக்கு இரும்பாணிக் கப்பலைப் போர்ச்சுக்கீசியரே கொண்டுவந்தனர் என்று கருதுவதுண்டு. இரு சான்றுகள் இதற்கு எதிராக நிற்கின்றன.

முதலாவது எழுத்துச் சான்று. இப்னு பதூதா கோழிக்கோட்டுத் துறையில் சீனப் பெருங்கப்பல்களைக் கண்டார். அவை பெரிய ஆணிகளால் இணைக்கப்பட்டவை என்று விவரித்தார். எனவே வாஸ்கோ ட காமா வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இக்கரையின் தச்சர்கள் ஆணிக்கப்பலை நாள்தோறும் காணக்கூடிய நிலையில் இருந்தனர்.

இரண்டாவது அகழாய்வுச் சான்று. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலை அருகில் தைக்கல் கடக்கரப்பள்ளி என்னும் இடத்தில் நிலத்தடியில் புதைந்திருந்த ஒரு பாய்மரப் படகு 2000-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அடிப்பகுதி தட்டையானது, அயினிப் பலகைகள் இரட்டை அடுக்காக அமைந்தவை, அவை இரும்பாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. கதிர்க்கரிமக் கணிப்பு அதைப் போர்ச்சுக்கீசியர் வருகைக்கு முற்பட்ட இடைக்காலத்தில் வைத்தது. காயலுக்கு ஏற்ற தட்டை அடியும் கரைநாட்டு மரமும் கொண்ட இப்படகு இரும்பாணியால் ஆனது.

ஆகவே ஒரே காயல் நாட்டில் இரு முறைகளும் அருகருகே வாழ்ந்தன. ஆணியை அறியாததால் தைத்தார்கள் என்று கூற இயலாது. கட்டுமானச் செலவு, சரக்கின் எடை, செல்லும் நீரின் இயல்பு, பிரித்துப் பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றை எடைபோட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே கொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரையில் துறைமுகம் அமைவதற்கு முன் பயணிகளை அலை கடத்திக் கரைசேர்த்த மசூலாப் படகும் இதையே சொல்கிறது. உள்ளே விலாச்சட்டம் இல்லாமல் கயிற்றால் மட்டும் தைத்த அப்படகு, ஐரோப்பியரின் விறைத்த படகுகள் உடைந்துபோன அலையில் நெளிந்து கொடுத்து மீண்டது.

4. கயிறு போனது, கலப்பற்று வந்தது

1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது மரபாக வழங்கும் வரலாறு. 1500-இல் கப்ரால் கொச்சிக்கு வந்தார். 1503-இல் போர்ச்சுக்கீசியர் அங்கே கோட்டை கட்டினர். 1555-இல் மட்டாஞ்சேரியில் கொச்சி மன்னருக்கு ஓர் அரண்மனையும் கட்டிக் கொடுத்தனர். 1663-க்குப் பின் டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டதால் அது இன்று டச்சு அரண்மனை எனப்படுகிறது. போர்ச்சுக்கீசியக் கப்பல்களில் தச்சரோடு இன்னொரு தொழிலாளரும் செல்வது வழக்கம். அவர் கலஃபாத்தே. பலகைப் பொருத்துகளில் நாரை உளியால் திணித்து, கீல் ஊற்றி அடைப்பவர்.

இச்சந்திப்பில் இரு சொற்கள் எதிரெதிர்த் திசையில் பயணம் செய்தன. மலையாளத்தின் கயர் போர்ச்சுக்கீசியத்தில் கய்ரோ ஆயிற்று. ஆங்கிலத்தின் காயர் அதன் வழித்தோன்றல். போர்ச்சுக்கீசியத்தின் கலஃபாத்தே, மலையாளத் தச்சர் வழக்கில் கலப்பத்து, கல்பத்து போன்ற வடிவங்களில் நுழைந்தது. தமிழில் கலப்பற்று ஆயிற்று. பழைய தமிழ் அகராதிகளில் கலப்பற்று, கலப்பற்றுக்காரர், கலப்பற்றுளி ஆகிய சொற்களைக் காணலாம்.

மொழியியல் நோக்கில் கலப்பற்று கவனத்துக்குரியது. ஃபகரம் பகரமாவது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் இறுதியில் றகரம் எங்கிருந்து வந்தது? பேச்சுத் தமிழில் பற்று என்பது பத்து என்றே ஒலிக்கும். பற்றவை என்பது பத்தவை ஆகும். துறையில் கலப்பத்து என்று கேட்டவர், அதை எழுதும்போது பத்து என்பதைக் கொச்சை எனக் கருதி, பற்று என்று திருத்தி எழுதியிருக்க வேண்டும். அவ்வாறு திருத்தியதும் அயற்சொல் தமிழ்த் தொடராகிவிட்டது. கலம் என்றால் கப்பல். பற்று என்பது ஒட்டுதல், உலோகத்தைப் பொடிவைத்து இணைத்தல். பற்றாசு, பற்றவைப்பு முதலியவை அதன் இனம். மரம் பெட்டியோடு சேர்ந்து மரப்பெட்டி ஆவதுபோல், கலமும் பற்றும் சேர்ந்து கலப்பற்று. புணர்ச்சி விதியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. மக்கள் சொற்பிறப்பு என மொழியியலார் குறிப்பிடும் நிகழ்வுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இச்சொல்லைக் கேட்டவர்களுக்கு அத்தொழில் புதிதன்று என்பதையும் இது காட்டுகிறது. கலத்தில் இணைத்தலுக்கு அப்பால் பற்றுதல் என்ற தனிவேலை உண்டு என்பதை அறிந்தவர்களே அயலொலியில் அப்பொருளைக் கேட்டிருக்க முடியும்.

கலஃபாத்தேயின் தொடக்கம் அரபியா கிரேக்கமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிரேக்க வடிவம் ஒரு பேரரசரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுள்ளது. 1041 டிசம்பர் முதல் 1042 ஏப்ரல் வரை பைசாந்தியத்தை ஆண்ட ஐந்தாம் மைக்கேலின் அடைபெயர் கலஃபாத்தேஸ். அவருடைய தந்தை கப்பற்பொருத்து அடைப்பவராக இருந்தார் என்பதனால் வந்த பெயர் அது, மதிப்புக்காகச் சூட்டப்பட்டதன்று. கட்டுபவருக்குக் கிடைத்த பெருமை அடைப்பவருக்குக் கிடைக்கவில்லை என்பது எல்லாக் கரைகளிலும் பொதுவாக இருந்தது போலும்.

மரபு எனப்படுவதன் தூய்மையைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கெட்டுவள்ளத்தின் கரிய பூச்சைத் தரும் முந்திரி இந்நாட்டு மரமன்று. 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியரால் கொண்டுவரப்பட்டது. மலையாளத்தில் பறங்கியண்டி என்னும் பெயரே அதைக் காட்டிக் கொடுக்கிறது. ஆணிக்கப்பலோடு வந்தவர்கள் கொண்டுவந்த மரம், தையற்படகின் அடைப்பை மேம்படுத்தியது. பழைய முறை புதிய பொருளை வேண்டாம் என்று தள்ளவில்லை.

5. கொதிகலனிலிருந்து எஞ்சினுக்கு

19-ஆம் நூற்றாண்டில் மரம் இரும்பாக மாறியபோது சிக்கல் மாறவில்லை, கடினமாயிற்று. கொதிகலனும் இரும்புக் கப்பலும் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தவை. துளைகள் மீண்டும் ஆயிரக்கணக்கில். மரம் நீரில் வீங்கித் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். இரும்பு அவ்வாறு செய்யாது. எனவே தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் தட்டி நெருக்கினர். அச்செயலுக்கும் ஆங்கிலத்தில் மரக்கப்பலின் அடைப்புக்கு வழங்கிய அதே சொல்லே நிலைத்தது. போல்ட் தலையடியில் செவ்வீயம் தோய்த்த சணல் வளையத்தை வைத்து இறுக்கினர். துளையும் நாரும் நெய்யும் மறுபடியும் ஒன்று சேர்ந்தன. இரும்புத்தூளையும் நவச்சாரத்தையும் கலந்து பொருத்தில் திணிக்கும் துருச்சாந்து ஒன்றும் வழக்கில் இருந்தது. துருப்பிடிக்கும்போது அது பருத்து இடைவெளியை நிரப்பும். இரும்பையும் மரத்தைப்போல் வீங்கச் செய்த உத்தி அது.

கார் எஞ்சின் இவ்வரலாற்றின் அடுத்த கண்ணி. வார்ப்பிரும்பு பிளாக்கில் சிலிண்டர்களைச் சுற்றி நீர் ஓடும் அறை உண்டு. ஹெட்டையும் பிளாக்கையும் இடையே கேஸ்கெட் வைத்து போல்ட்டுகளால் இறுக்குவர். போல்ட்டுக்கான துளை இருவகைப்படும். ஒன்று அடிமூடியது, பிளாக்கின் கெட்டியான பகுதியில் முடிந்துவிடும். மற்றது நீரறைக்குள் திறப்பது. 1932-இல் வெளிவந்த ஃபோர்டு வி8 எஞ்சினில் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் நீரறைக்குள் இறங்கின. இரண்டாம் உலகப் போரில் கனடாவிலிருந்து இந்தியப் படைக்கு வந்த ஃபோர்டு வண்டிகளின் வழியே இவ்வெஞ்சின் இந்நாட்டுப் பட்டறைகளுக்கும் அறிமுகமாயிற்று. 1955-இல் வந்த செவ்ரோலே சிறு பிளாக் வி8-இலும், ஒரு ஹெட்டுக்குப் பதினேழு வீதம் உள்ள போல்ட் துளைகள் நீரறையைத் தொடுகின்றன. பிற்காலத்தில் இதே எஞ்சின் படகுகளிலும் பெருவாரியாகப் பொருத்தப்பட்டது.

நீரறைக்குள் திறக்கும் துளையில் போல்ட்டின் மரை ஒரு சுழற்படிக்கட்டு. ஆண்மரைக்கும் பெண்மரைக்கும் இடையே இயங்குவதற்கென விடப்பட்ட நுண்ணிடைவெளி அடியிலிருந்து தலைவரை சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. ரேடியேட்டர் மூடி அமைப்புக்குள் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. கொதிநிலை உயர வேண்டும் என்பதற்காக. அவ்வழுத்தம் கூலன்ட்டை அப்படிக்கட்டின் வழியே தள்ளுகிறது. கிளைக்கால் கலந்த நீர் வெறும் நீரைவிட எளிதாக இடுக்குகளில் புகுவதால், அதுவரை வறண்டிருந்த பழைய எஞ்சினில் கூலன்ட் மாற்றியதும் புதிய கசிவுகள் தோன்றுவதுண்டு. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் மரையின் ஒரு பக்கம் மட்டுமே நெருங்கும்; மறுபக்கத்து இடைவெளி அப்படியே இருக்கும். இறுக்கம் கசிவை நிறுத்தாதது இதனாலேயே.

முறையான தீர்வு கெட்டுவள்ளத்தின் படிவரிசையையே பின்பற்றுகிறது. எஞ்சின் ஆறிய பின் கூலன்ட்டை வடித்துவிட வேண்டும். போல்ட்டைக் கழற்றி, அதன் மரையிலும் துளையின் மரையிலும் உள்ள துருவையும் பழைய பூச்சையும் முற்றிலும் அகற்றி, எண்ணெய்ப் பசையின்றி உலர்த்த வேண்டும். மரை தேய்ந்திருந்தால் உட்சுருள் செருகி மரையைப் புதுப்பிக்க வேண்டும். பின்னர் மரை முழுவதும் அடைப்புப் பசை தடவி, உற்பத்தியாளர் குறித்த வரிசையிலும் முறுக்குவிசையிலும் இறுக்க வேண்டும். முறுக்குவிசை கேஸ்கெட்டைப் பிடிக்கிறது. பசை துளையை அடைக்கிறது. அடிமூடிய துளையில் எச்சரிக்கை தலைகீழானது. அங்கே பசையோ நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தி பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். எந்தத் துளை எவ்வகை என்பதை அறிவது வேலையின் பாதி.

பசையின் வரலாறும் நீளமானது. செவ்வீயமும் ஆளிவிதை எண்ணெயும், அரக்குக் கரைசல், பிறகு டெஃப்ளான் கலந்த களிம்பு. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் தொடங்கிய நிறுவனம், காற்றுப்படும் வரை திரவமாக இருந்து, மரையிடுக்கில் காற்று அற்று உலோகம் சூழும்போது இறுகிக் கெட்டியாகும் பசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவே பின்னர் லாக்டைட் ஆயிற்று. இடுக்குக்குள் சென்ற பின்பே தன் வேலையைத் தொடங்கும் அப்பசைக்கும், நீரில் இறங்கிய பின்பே வீங்கும் மரத்துக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது எனினும், சிக்கல் ஒன்றே என்பதைக் காட்டுகிறது.

கழற்ற இயலாத இடத்தில் வேறொரு வழி. 1770 ஜூனில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோதிய குக்கின் எண்டவர் கப்பலுக்கு அடியில், நாரும் கம்பளி மயிரும் ஒட்டிய ஒரு பாயை இழுத்துச் சென்றனர். உட்புகும் நீரின் விசையே அவற்றைப் பிளவுக்குள் இழுத்து அடைத்தது. ரேடியேட்டரில் ஊற்றும் கசிவடைப்பான்களும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. 1958-இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸின் கண்டென்சரில் கசிவு ஏற்பட்டபோது, கப்பலின் பணியாளர் சாதாரண உடையில் சியாட்டில் நகரக் கடைகளுக்குச் சென்று கார் ரேடியேட்டருக்கான கசிவடைப்பானை 140 குவார்ட் வாங்கி வந்தனர். கசிவு நின்றது, ஆகஸ்ட் 3-ஆம் நாள் கப்பல் பனிக்கடியில் துருவத்தைக் கடந்தது. ஆயினும் இது அவசர மருந்து. கசிவை மட்டும் தேடிச் செல்லும் அறிவு அத்தூளுக்கு இல்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடலாம்.

6. துறை வறண்ட பின்

1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கழிமுகத்து மணற்றிட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே 26-இல் பத்மா என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூர்வாரிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. பெருங்கப்பல்கள் அங்கே சென்றன. காயல் வழியே அரிசியும் மிளகும் கொண்டு மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் படித்துறையில் வந்து நின்ற கெட்டுவள்ளங்களின் இடத்தைப் பாலங்களும் லாரிகளும் எடுத்துக்கொண்டன. 1990-களுக்குப் பின் கெட்டுவள்ளம் சுற்றுலாப் படகுவீடாக மறுபிறவி எடுத்தது; சரக்குப் படகாக அதன் வாழ்வு முடிந்தது.

ஆனால் அறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல் தையற்கலம். அதை மாதிரியாகக் கொண்டு ஓமானில் ஜூவல் ஆஃப் மஸ்கட் என்னும் கப்பலைக் கட்டியபோது, தைப்பதற்குக் கேரளத்திலிருந்து கயிற்றுத் தொழிலாளர்கள் அழைக்கப்பட்டனர். 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் கொச்சியில் தங்கி, சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுப் பழைய கலத்தின் வரைபடத்தை நூலிலிருந்து மீட்க முடிந்தது. துளையில் நாரை எவ்வளவு திணிப்பது, கயிறு எந்த இழுப்பில் போதும் என்பதை நூலிலிருந்து மீட்க முடியவில்லை. அது கைகளில் இருந்தது.

பழைய கார் எஞ்சினின் அறிவும் இன்று அதே நிலையை எட்டி வருகிறது. உத்தர்பாராவில் 2014-இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. வார்ப்பிரும்பு எஞ்சின்களைக் கழற்றி, எந்த போல்ட் நீரைத் தொடும், எது தொடாது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் மூப்பெய்துகின்றனர். எஞ்சினை வடிவமைத்தவரின் பெயர் நூல்களில் இருக்கிறது; அதைக் கசியாமல் வைத்திருந்தவரின் பெயர் பெரும்பாலும் பதிவாவதில்லை. பட்டறையில் அவருக்கு வழங்கும் மேஸ்திரி என்னும் பெயரும், கலப்பற்றைப் போலவே, போர்ச்சுக்கீசிய மெஸ்த்ரே துறையில் இறங்கித் தமிழாகிய சொல்தான்.

கெட்டுவள்ளத்துக்குப் பூசிய முந்திரியோட்டு நெய், இன்று பிசினாகவும் தூளாகவும் பதப்படுத்தப்பட்டு வாகனங்களின் பிரேக் லைனிங்கில் சேர்க்கப்படுகிறது. படகிலிருந்து காருக்கு அந்நெய் கடந்து வந்த வழியைத் தொழில்நுட்ப வரலாறு ஓரளவு எழுதி வைத்திருக்கிறது. அதைக் காய்ச்சியவர்கள், திணித்தவர்கள், அடைத்தவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட வேண்டிய வரலாறு எஞ்சியிருக்கிறது. அதற்கு அகராதிகளில் கிடக்கும் கலப்பற்று போன்ற தொழிற்சொற்கள் முதற்சான்றாகும். துறைகளிலும் பட்டறைகளிலும் இன்னும் பேசப்படும் சொற்களைத் தொகுப்பது, அவற்றைப் பேசுவோர் இருக்கும் காலத்துக்குள் செய்ய வேண்டிய பணி.